கதவை நகர்த்தினோம், சுவர் கிடைத்தது: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு வீட்டுப் பட்டறை

அண்ணன் செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என் பெரியப்பா மகன். ஆலையில் வேலை பார்த்த காலத்திலேயே சாயங்காலங்களில் போர்ச்சில் உட்கார்ந்து புல்வெட்டி மெஷின் பழுது பார்ப்பார், குலை வெட்டும் அரிவாளுக்குச் சாணை பிடிப்பார், கோயிலுக்குப் பலகை, தமிழ்ப்பள்ளிக்கு பெஞ்சு என்று மரவேலையும் செய்து கொடுப்பார். ஓய்வுக்குப் பிறகு அதுவே முழுநேர வேலையாகிவிட்டது. வாசற்படி வரைக்கும் மரத்தூள் வர ஆரம்பித்ததும் அண்ணி கறாராகச் சொல்லிவிட்டார். பக்கத்துக் காலி இடத்தில் கார் நிறுத்தவும் வேலை செய்யவும் சேர்த்து ஒரு கராஜ் கட்டுவது என்று முடிவானது.

வரைபடம் போடுவதும் கட்டட வேலையை மேற்பார்ப்பதும் என் தொழில். ஆனால் அண்ணன் என்னிடம் வந்தபோது கையில் ஏற்கெனவே ஒரு வரைபடம் இருந்தது. தெரிந்த ஒருவர் போட்டுக் கொடுத்தது. உள்ளளவு அகலம் 20 அடி, ஆழம் 24 அடி. சாலையைப் பார்த்த மேற்குச் சுவரின் நடுவில் 16 அடி ரோலர் ஷட்டர். வீட்டுப் பக்கமான வடக்குச் சுவரின் நடுவில் ஒரு கதவு. தெற்குச் சுவரில் இரண்டு ஜன்னல், பின்னால் கிழக்குச் சுவரின் நடுவில் ஒரு ஜன்னல். எல்லாமே நடுவில். காகிதத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

நான் பென்சிலை எடுத்துச் சுவரை மட்டும் எண்ணினேன். நான்கு பக்கமும் சேர்த்து 88 அடிச் சுவர். அதில் கதவோ ஜன்னலோ குறுக்கிடாமல் ஒரே சுவரில் முழுசாகக் கிடைத்த நீளமான துண்டு எது என்று பார்த்தால், வடக்குச் சுவரில் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த பத்தரை அடிதான். தெற்கு ஜன்னல்களின் அடிமட்டம் இரண்டரை அடி உயரம். வேலை மேசையின் உயரம் ஏறக்குறைய மூன்றடி. ஆகவே அந்த ஜன்னல்களுக்குக் கீழே மேசை போட்டால் கண்ணாடியில் முட்டும், மேலே எதையும் மாட்டவும் முடியாது. ஷட்டரின் இரு பக்கமும் மிஞ்சிய இரண்டிரண்டு அடிக்கு ஒரு துடைப்பத்தைத்தான் சாத்தலாம்.

பட்டறை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், தரையைவிடச் சுவர்தான் அங்கே சொத்து. கருவி தொங்குவது சுவரில், மேசை ஒட்டி நிற்பது சுவரில், பிளக் இருப்பது சுவரில், மரம் அடுக்குவது சுவரில். தரை நடப்பதற்கும் சாமானைத் திருப்புவதற்கும் உரியது. ஒவ்வொரு கதவும் தன் அகலத்துச் சுவரை மட்டும் தின்பதில்லை, இரு பக்கமும் இருக்கும் சுவரை இரண்டாக வெட்டியும் விடுகிறது. நடுவில் வைத்தால் மிக மோசமாக வெட்டுகிறது.

“கதவு நடுவுல இருந்தாதான் தம்பி வீட்டுக்கு லட்சணம்” என்றார் அண்ணன்.

“லட்சணம் வெளிய நின்னு பாக்கறவங்களுக்கு. உள்ள நின்னு வேல செய்யப்போறது நீங்கதானே அண்ணே” என்றேன். அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பேசிப் பயனில்லை என்று தோன்றியது. இடத்திலேயே கோடு போட்டுப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

தரையில் சுண்ணாம்புக் கோடு

ஒரு சனிக்கிழமை காலை காலி இடத்தில் கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் 20க்கு 24 கோடு போட்டோம். கதவு வரும் இடத்தில் கோட்டை விட்டுவிட்டோம். அட்டைப் பெட்டிகளைப் பிரித்து டேபிள் சா (மேசை ரம்பம்), டிரில்லிங் மெஷின், கிரைண்டர், வெல்டிங் செட் ஒவ்வொன்றின் அளவுக்கும் வெட்டிக்கொண்டோம். அப்புறம் அண்ணனின் மைவி காரையே ஓட்டி உள்ளே நிறுத்தச் சொன்னேன். காகிதத்தில் கார் ஒரு பெட்டி. தரையில் அதற்குக் கதவு உண்டு, கண்ணாடி உண்டு, இறங்குகிற மனிதர் உண்டு.

மைவியின் அகலம் 1.74 மீட்டர், அதாவது ஏறக்குறைய 5¾ அடி. நடுவில் நின்றபோது இரு பக்கமும் ஏழேழு அடி மிஞ்சியது. அண்ணன் கார்க் கதவைத் திறந்து இறங்கினார். கதவு முழுசாகத் திறக்க மூன்றடி போய்விட்டது. மீதி நாலடி. அதில் இரண்டடி மேசைக்கு. வேலை செய்பவர் நிற்க இரண்டடி. மறுபக்கமும் அதே கதி. ஒரு பட்டறைக்குப் பதில் இரண்டு சந்து கிடைத்தது.

காரை வடக்குச் சுவர்ப் பக்கம் தள்ளி நிறுத்தச் சொன்னேன். நம் ஊர்க் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கம். சாலையிலிருந்து கிழக்கு நோக்கி மூக்கை நேராக விட்டு நுழைந்தால் ஓட்டுநர் இறங்குவது தெற்கே, பட்டறைப் பக்கம். இடப்பக்கம் அண்ணி இறங்க வேண்டும், அதற்குச் சுவரிலிருந்து இரண்டே கால் அடி விட்டோம். அண்ணியையே உட்கார வைத்து, கையில் சந்தைப் பையோடு இறங்கச் சொல்லிப் பார்த்தோம். “கொஞ்சம் ஒடுக்கமாத்தான் இருக்கு, பரவாயில்ல, எறங்கிடலாம்” என்றார். காருக்குத் தெற்கே இப்போது ஒரே துண்டாக 12 அடி கிடைத்தது. ஏழும் ஏழும் சேர்ந்தால் பதினாலுதான், ஆனால் ஒரே துண்டான 12 அடி கொடுக்கிற வசதியை அது கொடுக்காது. 8க்கு 4 பிளைவுட் பலகையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் அந்தப் 12 அடியில் சுற்றித் திரும்ப முடிந்தது. அண்ணனே பலகையைத் தூக்கித் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கயிற்றைப் பிடுங்கி ஷட்டர் கோட்டை வடக்கே நகர்த்தினார்.

ஷட்டர் 16 அடியிலிருந்து 10 அடியானது. ஒரே காருக்கு 10 அடி தாராளம். வடக்கு மூலையிலிருந்து ஓரடி விட்டு ஷட்டர் தொடங்குகிறது. அதற்குத் தெற்கே மேற்குச் சுவரில் 9 அடி முழுசாக மிஞ்சுகிறது. இந்த 9 அடிதான் இந்தத் திட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம். ஏன் என்பதற்கு வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மேற்கு வெயில்

சாலை மேற்கே இருப்பதால் ஷட்டரை வேறு பக்கம் திருப்ப வழியில்லை. மேற்குக் கதவு என்றால் பிற்பகல் வெயில் உள்ளே வரும். “ஆறடிக்குச் சாய்ப்பு இறக்கிட்டா போச்சு” என்று எல்லாரும் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அது பாதிதான் உண்மை.

1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டது. அதனால் சுங்கை சிப்புட் இருக்கும் பேரா மாநிலத்தில் உச்சி வெயில் பகல் பன்னிரண்டுக்கு வருவதில்லை, ஒன்றேகால் வாக்கில்தான் வருகிறது. மாலை ஐந்து மணி என்று நாம் சொல்லும்போது சூரியனின் கணக்கில் இன்னும் மூன்றே முக்கால்தான். மார்ச், செப்டம்பர் மாதங்களில் அந்நேரம் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 34 பாகை உயரத்தில் இருக்கும். ஆறடிச் சாய்ப்பு அப்போது கதவின் மேல் நாலடியைத்தான் மறைக்கும். எட்டடிக் கதவில் கீழ்ப்பாதி வழியாக வெயில் நேராக உள்ளே விழும். ஆறு மணிக்கு இன்னும் மோசம், இரண்டடிதான் நிழல். அண்ணன் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வேலையைத் தொடங்குவதே நாலு மணிக்குமேல்தான்.

ஆகவே வெயிலைத் தடுக்கப் பார்ப்பதைவிட, அது விழாத இடத்தில் மேசையைப் போடுவதே வழி. ஷட்டர் நடுவில் இருந்திருந்தால் அப்படி ஒரு இடமே இருந்திருக்காது. ஓரத்துக்குத் தள்ளியதால் அந்த 9 அடிச் சுவருக்குப் பின்னால் தென்மேற்கு மூலை நாள் முழுக்க நிழலில் இருக்கிறது. வைஸ், கிரைண்டர், டிரில்லிங் மெஷின் எல்லாம் அங்கே. இரும்பு வேலைக்கு அந்த மூலை, மர வேலைக்கு அதற்கு எதிரான தென்கிழக்கு மூலை. கிரைண்டர் பொறியும் மரத்தூளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதை அண்ணனுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வெல்டிங் உள்ளேயே வேண்டாம் என்று அவரே சொன்னார். சாய்ப்புக்குக் கீழே ஷட்டருக்கு வெளியே வைத்துக்கொள்வதற்காக அங்கே மழை படாத மூடி போட்ட தனிப் பிளக் வைத்தோம்.

தெற்கு ஜன்னல்களை நாலரை அடி உயரத்துக்கு ஏற்றினோம். பட்டை பட்டையாகத் திறக்கும் நாக்கோ கண்ணாடி. கீழே மேசை 24 அடியும் தடையில்லாமல் ஓடுகிறது, மேலே வெளிச்சம் வருகிறது. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை சூரியன் தெற்கே சாய்ந்தாலும் நடுப்பகலில் உயரத்தில்தான் இருக்கும். இரண்டடி இறவாரமே போதும்.

பின்கதவு யாருக்கு

முதல் வரைபடத்தில் கிழக்குச் சுவரில் ஜன்னல் மட்டும்தான். நான் அங்கே மூன்றடிக் கதவு ஒன்று கேட்டேன். அண்ணன், “அந்தப் பக்கம் வாழ மரந்தானே தம்பி இருக்கு, யாரு போகப்போறா?” என்றார். ஆள் போவதற்கு இல்லை, மரம் போவதற்கு என்றேன்.

டேபிள் சாவில் ஒரு பலகையை நீளவாட்டில் அறுக்கும்போது, அறுக்குமுன் முழுப் பலகையும் ரம்பத்துக்கு முன்னால் இருக்கும், அறுத்து முடிந்ததும் முழுப் பலகையும் ரம்பத்துக்குப் பின்னால் இருக்கும். எட்டடிப் பலகைக்குப் பதினாறடிக் கோடு வேண்டும். 16 அடி பெரோத்திக் கட்டை (மெல்லிய மரச் சட்டம்) என்றால் 32 அடி. நம்மிடம் இருப்பது 24. சுவரைத் தள்ள முடியாது, ஆனால் ரம்பத்தின் கோட்டில் இரு முனையிலும் கதவு இருந்தால் சுவரே குறுக்கே நிற்காது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. அப்பா வேலை செய்த தோட்டத்துப் பட்டறைக்கு எதிரும் புதிருமாக இரண்டு வாசல். டிராக்டர் ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளியே போகும், பின்னுக்கு எடுக்கிற பேச்சே இல்லை. நீளக் குழாய் அறுக்கும்போது ஒரு முனை மேற்கு வாசலில் நீட்டிக்கொண்டிருக்கும், பிள்ளைகள் நாங்கள் அதைத் தாண்டிக் குதித்தபடி பள்ளிக்குப் போவோம். இதைச் சொன்னதும் அண்ணன் சிரித்துவிட்டார். அவரும் குதித்தவர்தான்.

ஷட்டரின் மையம் வடக்குச் சுவரிலிருந்து 6 அடியில் வருகிறது. பின்கதவின் மையத்தையும் சரியாக அதே 6 அடியில் வைத்தோம். மேற்குச் சுவரிலிருந்து 13 அடி தள்ளி, அந்தக் கோட்டின் மேல், தரையில் நான்கு சிவப்புப் பெயிண்ட் அடையாளம். சக்கரம் வைத்த டேபிள் சாவைத் தென்கிழக்கு மூலையிலிருந்து உருட்டி வந்து, சக்கரம் அடையாளத்தில் உட்காரும்படி நிறுத்திப் பூட்டினால் ரம்பம் கோட்டுக்கு வந்துவிடும். 8 அடிப் பலகைக்கு இரண்டு கதவையும் மூடிக்கொண்டே அறுக்கலாம். 16 அடிக் கட்டைக்குப் பலகையின் வால் ஷட்டரைத் தாண்டி மூன்றடி, சாய்ப்புக்குக் கீழேயே நிற்கும். அறுத்தது பின்கதவு வழியாக ஐந்தடி வெளியே போகும். அங்கே வாழைக்குப் பக்கத்தில் ஒரு உருளைத் தாங்கி வைத்திருக்கிறார். செம்பனைக் குலை வெட்டும் நீள அலுமினியக் கம்புகளைக் கொண்டுவந்து அரிவாள் பொருத்தித் தரச் சொல்பவர்களுக்கும் இதே கோடு உதவுகிறது. முன்பெல்லாம் அந்த வேலையைச் சாலையோரத்தில் உட்கார்ந்து செய்வார்.

அறுக்கும் நேரத்தில் கார் வெளியே நிற்க வேண்டும். இதை முதலிலேயே அண்ணியிடம் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தோம். கார் உள்ளே தூங்குவது இரவில்தான்.

எதிரெதிர்க் கதவால் காற்றும் நேராக ஓடுகிறது. தகரக் கூரைக்குக் கீழே அது சாதாரண லாபம் இல்லை. மின்சாரம் போய் ஷட்டர் மோட்டார் நின்றாலும் வெளியேற வழி இருக்கிறது. பின்கதவு வெளிப்புறமாகத் திறக்கும்படி வைத்ததால் உள்ளே தரை வீணாவதில்லை, உள்ளிருக்கும் சாமான் எதுவும் அதை மறிக்காது.

வீட்டுப் பக்கக் கதவில்தான் கொஞ்சம் வாக்குவாதம். அண்ணிக்குக் காரிலிருந்து நேராகச் சமையலறைக்குள் போக வேண்டும். நான் பிடிவாதமாக மறுத்தேன். புல்வெட்டி மெஷின்கள் இருக்கும் இடம், பெட்ரோல் இருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். சமையலறையில் அடுப்பு எரிகிறது. இஞ்சினைச் சோதிக்க ஓட்டினால் வருகிற புகையும் அப்படித்தான் வீட்டுக்குள் ஏறும். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. முடிவில், வீட்டுக்கும் கராஜுக்கும் நடுவே ஐந்தடி இடைவெளியை அப்படியே விட்டு, மேலே கூரை மட்டும் போட்டு, கடைகளுக்கு முன்னால் இருக்கும் கூரை போட்ட நடைபாதையான அஞ்சடி மாதிரி ஆக்கினோம். வடக்குச் சுவரின் கிழக்குக் கோடியில், மூலையிலிருந்து ஓரடி தள்ளி, ஒரு கதவு அந்த அஞ்சடிக்குத் திறக்கிறது. மழையில் நனையாமல் நாலு எட்டில் அண்ணி சமையலறையில் இருப்பார். இஞ்சின் ஓட்டிப் பார்ப்பது எப்போதும் வெளியேதான் என்று அண்ணனிடமும் வாக்கு வாங்கிக்கொண்டேன்.

இப்போது சுவரை எண்ணிப் பார்க்கலாம். கிழக்கில் பின்கதவுக்குத் தெற்கே 12½ அடி, தெற்கில் 24, மேற்கில் 9. மூன்றும் மூலை திரும்பி ஒன்றாகத் தொடர்கின்றன. 45½ அடி. மூலை திரும்பாமல் ஒரே சுவரில் மட்டும் எண்ணினாலும், முதல் வரைபடத்தில் பத்தரை அடியாக இருந்தது இப்போது 24. கட்டடம் ஓரடிகூடப் பெரிதாகவில்லை.

மற்றவை

அனுமதி இல்லாமல் கட்ட வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி ஊராட்சி மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்பதை முதலில் கேட்டுக்கொண்டு அதன் பிறகு அளவு போடுவதுதான் ஒழுங்கு. கதவை வைத்த பிறகு சுவரை நகர்த்தச் சொன்னால் எல்லாக் கோடும் குலைந்துவிடும்.

கூரை உயரம் பத்தடிக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டோம். 8க்கு 4 பலகையைப் படுக்கையிலிருந்து நிமிர்த்தும்போது அதன் குறுக்களவு ஒன்பதடி. ஷட்டர் சுருளுக்கும் கதவுக்கு மேலே ஓரடிக்குமேல் இடம் வேண்டும். பிளக்குகள் எல்லாம் மேசைக்குச் சற்று மேலே, தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில், கார் நிற்கும் தரையில் குறுக்கே ஒரு வயரும் ஓடாதபடி. கையில் பிடித்து ஓட்டும் கருவிகளுக்கான வரிசைக்கு மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. தனியாக. வயரிங்கை உரிமம் உள்ள வயர்மேனே செய்தார்.

முதல் சுமத்ரா

தவறு ஒன்று நடந்தது, அது என் தவறு. ஷட்டருக்கு வெளியே குறுக்குக் கால்வாய் வைத்து இரும்பு வலை போட்டிருந்தேன். தரையை உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டமாக விட்டேன், டேபிள் சாவைச் சாய்ப்புக்கு உருட்டிப் போக வசதியாக இருக்கட்டும் என்று. வேலை முடிந்தது ஜூன் மாதம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை மேற்குக் கரையில் விடியற்காலையில் சுமத்ரா காற்று அடிக்கும், மேற்கிலிருந்து மழையைப் படுக்கப் போட்டுத் தள்ளிக்கொண்டு வரும். இரண்டாவது வாரமே வந்துவிட்டது.

காலை ஏழு மணிக்கு அண்ணன் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். ஷட்டர் மூடித்தான் இருந்தது. அடிப்பட்டையின் ரப்பருக்குக் கீழே தண்ணீர் நுழைந்து மூன்றடி தூரம் உள்ளே வந்திருந்தது. எங்கே நின்றது என்பதை மரத்தூள் காட்டியது, தரையில் வளைந்து வளைந்து ஒரு மஞ்சள் கோடு, கடற்கரையில் நுரை ஒதுங்கின மாதிரி. சாய்த்து வைத்திருந்த இரண்டு பிளைவுட் பலகையின் அடி ஊறி இதழ் இதழாகப் பிரிந்திருந்தது. ஷட்டர் ஒரே மட்டமான தரையில் உட்கார்ந்தால், காற்று தள்ளுகிற தண்ணீரை எந்த ரப்பரும் நிறுத்தாது. கால்வாய் நிரம்புவதற்குமுன் காற்று அதைத் தாண்டித் தள்ளிவிடுகிறது.

ஷட்டர் இறங்கும் கோட்டை ஒட்டி வெளித் தரையைச் சீவி ஒரு அங்குலம் தாழ்த்தினோம். இப்போது ஷட்டர் அந்தப் பள்ளத்தில், படிக்கு வெளியே இறங்குகிறது. உள்ளே வர வேண்டுமானால் தண்ணீர் ஒரு அங்குலம் ஏற வேண்டும். படியின் விளிம்பைச் சரிவாக இழைத்ததால் டேபிள் சா சக்கரமும் ஏறி இறங்குகிறது, கொஞ்சம் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. அதற்குப் பிறகு வந்த காற்றுகளில் தண்ணீர் உள்ளே வரவில்லை. கான்கிரீட் போடும்போதே செய்திருந்தால் அரைமணி நேர வேலை. பிறகு செய்ததால் இரண்டு நாள் புழுதி.

ஒரு வருடம் ஆகப்போகிறது. வெயில் கணக்கு சொன்ன மாதிரியேதான் நடக்கிறது. ஐந்து மணிக்குக் கார் நிற்கும் தரை கண் கூசும், தென்மேற்கு மூலையில் அண்ணன் நிழலில் உட்கார்ந்து அரம் தேய்த்துக்கொண்டிருப்பார். வடக்குச் சுவர் மட்டும் இன்னும் காலி. அண்ணி இறங்கும் பக்கம் என்பதால் எட்டு அங்குலத்துக்குமேல் நீட்டும் எதையும் அங்கே மாட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

பின்கதவு காற்றில் அறைந்துகொள்கிறது. எதிரே ஷட்டர் திறந்திருந்தால் காற்று நேராகப் பாய்ந்து கதவைப் பிடுங்கும். ஒருமுறை 16 அடிக் கட்டை பாதியில் போய்க்கொண்டிருந்தபோது கதவு திரும்பி வந்து கட்டையில் மோதியது. நல்லவேளை, அண்ணன் கையை எடுத்துவிட்டார். வெளிச்சுவரில் கொக்கி அடித்து, கதவை முழுசாகத் திறந்து மாட்டிய பிறகே ரம்பத்துக்கு ஸ்விட்ச் போடுவது என்று இப்போது வழக்கமாக்கியிருக்கிறோம். கொக்கி இடுப்பு உயரத்தில் இருக்கிறது. வாழை இலை அதை மறைக்கிறது என்று போன வாரம் அந்தப் பக்கத்துக் கன்று இரண்டையும் பெயர்த்து வேலியோரம் நட்டார்.